ஆறு பீப் ஒலிகள்

மருத்துவமனைச் சலவைக்காரி மொரீன் ஓல்ட்ராய்டின் வீட்டுச் சுவரில் நாலு வருடமாகப் பூஞ்சை. கணவனுக்கு நுரையீரல் பாதி போய்விட்டது. அன்று காலை தேசிய வானொலி பாதிரியின் பொறுமை உபதேசம், அமைச்சரின் மழுப்பல், ரோஜா வளர்ப்பு எல்லாம் ஒலிபரப்பியது. ஒரு மணிக்குச் சற்று முன்தான் நேயர் அழைப்பில் அவளுக்கு இடம் கிடைத்தது.

"சுருக்கமா முடிங்கம்மா, ஒரு மணி ஆகப்போகுது," என்றார் அறிவிப்பாளர்.

"ஆகட்டும் ராசா! உங்க கடிகாரத்துக்காக என் புருஷன் இருமலை நிறுத்துவானா? வேற வீடு குடுங்கன்னு நகராட்சிய நாலு வருஷமா..."

மணியை அறிவிக்கும் ஆறு பீப் ஒலிகளின்மேல் யாரும் பேசக்கூடாது என்பது அங்கே வேதம். மொரீன் சுவர்ப் பூஞ்சையைச் சொல்லிக்கொண்டே ஆறின்மேலும் பேசினாள்.

மறுநாள் நிலையத்துக்கு முந்நூறு புகார்கள் வந்தன. அத்தனையும் கெட்டுப்போன பீப் ஒலிகளைப் பற்றி. பூஞ்சையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.