ஞாயிற்றுக்கிழமையும் குறைந்த டீசல்

அந்தத் தொட்டி எந்த நாளில் கசியத் தொடங்கியது? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

லகாட் என்ற ஊருக்கு அருகே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் உள்ள லோரி நிறுவனத்தில் நான் அலுவலக வேலை பார்க்கிறேன். எங்கள் டீசல் தொட்டிக்குப் பொறுப்பு, ஐம்பது வயது அக்கா ஒருவர். தினமும் காலையில் அளவுகோலை உள்ளே விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன்.

சென்ற மாதம் அளவு குறைந்துகொண்டே வந்தது. டீசல் குறைந்தால் இங்கே யாரும் தொட்டியைச் சந்தேகிப்பதில்லை, ஓட்டுநர்களைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மேனேஜர் தொட்டிக்குப் புதுப் பூட்டு மாட்டினார்.

அக்கா மட்டும், சனிக்கிழமை கடைசி லோரி நிரப்பிக்கொண்டு போனதும் ஒருமுறை அளந்தார். ஞாயிறு மாலை, கோயிலுக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு வந்து மறுபடி அளந்தார். திங்களன்று மேனேஜரிடம் சொன்னார்.

"நேத்து ஒரு லோரியும் ஓடல தம்பி. ரெண்டு வெரல் கொறஞ்சிருக்கு. பேயா வந்து குடிச்சிச்சு?"

போய்ப் பார்த்தோம். தொட்டியின் அடியில் மண் கறுத்து ஊறியிருந்தது. டீசல் பின்பக்கக் கால்வாயான லோங்காங்கில் இறங்கியிருந்தது. என் இரண்டு வயது மகளைப் பகலில் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவின் வீடு அந்தக் கால்வாய்க் கரையில்தான் இருக்கிறது.

"மரத்தூள் போட்டு மூடிடலாம்லா அக்கா. பெருசு பண்ணாதீங்க," என்றார் மேனேஜர்.

"மரத்தூளு லோங்காங்ல ஓடுறத நிறுத்துமா? நீங்க போன் பண்றீங்களா, நான் பண்ணவா?"

அவர் வாய் திறப்பதற்குள் அக்கா தீயணைப்பு நிலையத்தை அழைத்துவிட்டார். இடம், என்ன எண்ணெய், எவ்வளவு குறைந்தது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். வேலை போய்விடுமோ என்ற பயம் அவர் குரலில் இல்லை. படித்த நானோ, முழுதாகத் தெரியாமல் புகார் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

"நிக்காத தங்கச்சி, போயி புள்ளயத் தூக்கு!" மணல் மூட்டையைக் கால்வாயில் இறக்கிக்கொண்டே கத்தினார் அக்கா. அப்போதுதான் என் கால்கள் நகர்ந்தன.

தீயணைப்பு வண்டியோடு வந்த சுற்றுச்சூழல் அதிகாரிகள் தொட்டியைக் காலி செய்யவைத்து, மண்ணையும் நீரையும் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். முடிவு இன்னும் வரவில்லை. மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தக் கரையில் பறித்த கங்கோங் கீரையைச் சோற்றோடு சாப்பிட்டிருக்கிறாள். இப்போது வீட்டில் என்னோடு இருக்கிறாள். என் விடுப்பு தீரப்போகிறது. அந்த அம்மாவோ, "கீரைய வெட்டிப் போட்டுட்டேன், பிள்ளைய அனுப்பும்மா," என்கிறார்.

இப்படி ஒரு கசிவுக்கு அருகே பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். சோதனை முடிவு வருமுன் அவளை அங்கே விடலாமா?