பன்னிரண்டு அவுன்ஸ் வருடம்

அந்த டிசம்பரில் டாக்டர் எங்கள் இருவரையும் அழைத்து, இனிமேல் தேர்வு எழுதித் தேறியவர்கள்தான் மருந்து கலக்க வேண்டும் என்றார். போடியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரி அது. மருந்து மேசைக்கு ஓர் ஆள் போதும். வருகிற வருடத்தில் முதலில் தேறுகிறவருக்கு மேசை, மற்றவருக்குக் கட்டுப் போடும் அறை. இருவரும் ஒன்றாகத் தேறினால் மூத்தவருக்கே மேசை.

மூத்தவர் என்னோடு வேலை பார்த்த கம்பவுண்டர் அண்ணன். பதினாறு வருட அனுபவம் உள்ளவர். நான் மதுரையில் பயிற்சி முடித்துவிட்டு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அந்த மேசை எனக்கு வேண்டும். தராசு, எடைக்கல், அளவுக் குவளை, கத்திரி என ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் இருந்த அறை நான் அதுவரை பார்த்ததில் அது ஒன்றுதான்.

தேர்வு மதுரையில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. பாடத்தைப் பிரித்துப் பார்த்தேன். பன்னிரண்டு பகுதிகள் வந்தன. வேலை முடிந்து வந்து படிப்பதென்றால் மாதத்துக்கு ஒன்றுதான் ஆகும். அப்படியானால் கடைசித் தேர்வுதான். அண்ணனும் அதைத்தான் எழுதுவார். அவர் தோற்றால் எனக்கு மேசை. இந்தத் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கணக்கில் பிழை இல்லை.

மிச்சமிருந்தது வருடத்தை எந்த முறையில் நடத்துவது என்பதுதான்.

முந்தின வருடம் பட்டியல் முறையைக் கையாண்டிருந்தேன். பதினான்கு இனங்களில் ஒன்று நிறைவேறியிருந்தது: பட்டியல் எழுத நல்ல நோட்டு வாங்குவது. டைரி முறையும் பார்த்தாகிவிட்டது. மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியில் நாளுக்கு ஒரு பக்கம். ஜனவரி ஏழு வரை எழுதினேன். அதற்குப் பிறகு அதன் தாள்களில் பேதிப் பொடி மடித்தோம். சுவரில் தினசரிக் காலண்டர் இருந்தது. எந்த நாளில் கிணறு வெட்டலாம், எந்தத் திசையில் போகக்கூடாது என்றெல்லாம் சொன்னது. மருந்துகளின் உச்ச அளவுகளை எந்த நாளில் மனப்பாடம் செய்யலாம் என்று சொல்லவில்லை.

அண்ணனிடம் அவருடைய முறையைக் கேட்டேன்.

"மொறையா? பரீச்சைக்கு மொத வாரம் லீவு போட்டு உக்காந்தா முடிஞ்சு போச்சு. ஒரு சோலிய வருசம் பூரா இழுத்தா ஆறிப் போயிரும் தங்கச்சி."

"படிச்சது மறந்துட்டா என்னண்ணே பண்ணுவீங்க?"

"மறக்குறதுக்கு மொதல்ல படிக்கணும்ல?"

அந்த வாரம் குரங்கணிக்கு மேலே ஒரு ஏலத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் காய்ச்சலோடு வந்தார். நான்கு நாளைக்கு மிக்சர் கலக்கி, அளவுச் சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். அளவுச் சீட்டு என்பது நீளமான காகிதத்தை மடித்து, ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, சீசாவின் பக்கவாட்டில் ஒட்டுவது. ஒரு பல் ஒரு வேளை. மத்தியானமே அவர் காலிச் சீசாவோடு திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு குடுங்க. பஸ்சுக்கு நிக்கையில குடிச்சிட்டேன்."

"பூராவுமா?"

"பன்னெண்டு கோடு இருந்துச்சு. ஒரு கோட்டுக்கே கேக்கும்னா பன்னெண்டு கோட்டுக்கு வெரசாக் கேக்கும்ல?"

அண்ணன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "ஏலக்காயவும் இப்பிடித்தான் பூவும் பிஞ்சுமா ஒரே எடுப்புல உருவிருவியா மாப்ளே?"

"அது மொதலாளி தோட்டம்ணே. இது என் ஒடம்பு."

டாக்டர் அவரைச் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். போகும்போது கொடுப்பதற்காக இன்னொரு சீட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பல். கத்திரியைக் கீழே வைத்தேன். எனக்கு முறை கிடைத்துவிட்டது.

ஜனவரி முதல் தேதி, பன்னிரண்டு அவுன்ஸ் சீசா ஒன்றைக் கழுவிக் காய வைத்து, பன்னிரண்டு பல் உள்ள சீட்டை ஒட்டினேன். ஒரு மாதப் பாடம் முடிந்தால் ஓர் அவுன்ஸைக் கீழே ஊற்றிவிட வேண்டும். வெறும் தண்ணீர் ஒரு வருடம் தாங்காது, பாசி பிடிக்கும். அதனால் கடையில் ஓமத் தண்ணீர் வாங்கி நிரப்பினேன். அது எத்தனை நாளானாலும் கெடாது. வெயில் படாத இடமாக, அடுப்படியில் தண்ணீர்ப் பானைக்கு மேலே இருந்த பலகையில் வைத்தேன். பெயர் எழுத வேண்டிய இடத்தில் எதுவும் எழுதவில்லை. பெயர் எழுதாமல் ஒரு சீசாவும் வெளியே போகக்கூடாது என்பதுதான் பயிற்சியில் எங்களுக்கு முதல் பாடம். ஆனால் இது மருந்து அல்ல.

ஜனவரி முடிவில் ஓர் அவுன்ஸ் அளந்து முற்றத்துச் செடிக்கு ஊற்றினேன். சீசாவில் பதினொன்று இருக்க வேண்டும். பத்துதான் இருந்தது. கண் மட்டத்தில் வைத்து மறுபடி பார்த்தேன். பத்து.

பிப்ரவரி முடிவில் எட்டு. காற்றில் ஆவியாகிறது என்று முடிவு செய்தேன். தக்கைக்கு மேல் எண்ணெய்க் காகிதம் வைத்து நூலால் கட்டினேன். மார்ச் முடிவில் ஆறு. நூல் கட்டு அப்படியே இருந்தது. நான் கட்டியதைவிடச் சற்று நேர்த்தியாகவே இருந்தது. கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சீட்டைக் கிழித்து வேறு ஒட்டியிருக்கலாம்தான். ஆனால் ஒட்டிய சீட்டை மாற்றுவது எங்கள் தொழிலில் கிடையாது. சீட்டு என்ன சொல்கிறதோ அதுதான் அளவு. ஆகவே பாடத்தை மாற்றினேன். மட்டம் எந்தப் பல்லில் நிற்கிறதோ அந்தப் பகுதி வரை முடித்திருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். விடியற்காலையில் ஒரு மணி நேரம் கூட்டினேன். சாப்பாட்டு இடைவேளையில் எடை, அளவு, டாக்டர்கள் எழுதும் சுருக்கக் குறிகள். எந்த மருந்தோடு எதைக் கலந்தால் கெடும் என்பதை நடந்து வரும்போது சொல்லிப் பார்த்தேன். ரோட்டில் வாய் அசைவதாக வீட்டுக்குச் செய்தி வந்தது.

"யார வைஞ்சுக்கிட்டே வர்ற?" என்றாள் அம்மா.

ஜூன் கடைசி நாள். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து நனைந்து வந்தேன். அடுப்படியில் சீசா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. சீட்டுக்கு ஈரம் படாமல் அம்மா கழுவியிருந்தாள்.

"மருந்து தீந்துருச்சுத்தா. நாளைக்கு வரும்போது கொண்டா."

"எந்த மருந்து?"

"வாயுவுக்கு நீ எனக்குக் கொண்டாந்து வெச்சியே, அதான். வலி வந்தா ஒரு கரண்டி. நல்லாக் கேக்குது."

"ஒனக்குன்னு நான் சொன்னேனாம்மா?"

"நீ என்னைக்கு வாயத் தொறந்து சொல்லியிருக்க? ஓமவாட அடிச்சுச்சு, கோடெல்லாம் வெட்டி ஒட்டியிருந்துச்சு. பேரு மட்டும் போடல. வீட்டு ஆளுக்கு எதுக்குப் பேருன்னு நீ விட்டிருப்பன்னு நெனச்சேன்."

"நான் செடிக்கு ஊத்துனேனே, பாக்கலையா?"

"பாத்தேன். படிச்ச புள்ள, செடிக்கும் வாயுவுன்னு நீ கண்டுபிடிச்சிருப்பன்னு கேக்கல."

எவ்வளவு நாளாக வலி என்று கேட்டேன். தம்பி பிறந்ததிலிருந்து என்றாள். தம்பிக்குப் பதினேழு வயது. வேலைக்கு வந்த இரண்டு வருடத்தில் ராசிங்காபுரத்திலிருந்தும் மலைக்கு மேலிருந்தும் வந்த எத்தனையோ பேருக்கு நான் வாயு மருந்து கலக்கியிருக்கிறேன்.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ பட்டியலு போடுவ. எப்ப வலிக்குது, எங்க வலிக்குது, என்ன தின்ன. சோத்த எறக்கவா, ஒனக்குப் பதில் சொல்லவா?"

அது என் வருடம் என்று சொல்ல வாயெடுத்தேன். பெற்றவளிடம் என் வருடத்தில் பாதியை நீ குடித்துவிட்டாய் என்று சொல்வதற்கு என்னிடம் முறை எதுவும் இல்லை. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றேன்.

பிறகு ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு நோட்டை எடுத்தேன். பன்னிரண்டு பகுதிகளும் முடிந்ததாக அடிக்கப்பட்டிருந்தன. ஆறு மாதமும் பாடத்தைச் சீசாவோடு ஒப்பிட்டேனே தவிர, காலண்டரோடு ஒப்பிடவில்லை. அப்போதுதான் ஒப்பிட்டேன். நடு வருடத் தேர்வுக்கு விண்ணப்பம் அனுப்ப எட்டு நாள் இருந்தது.

மறுநாள் அண்ணனிடம் நேராகச் சொன்னேன். ஒளித்து வைத்து எழுதுவது சரியாகப் படவில்லை.

"நீங்களும் எழுதலாம்ணே. இன்னும் ஏழு நாள் இருக்கு."

"இப்பயா? நான் இன்னும் புத்தகமே வாங்கலையே. நீ போய் எழுது தங்கச்சி. என்ன கேட்டான்னு வந்து சொல்லு, டிசம்பருக்கு எனக்கு ஒதவும்."

மதுரைக்குப் போய் எழுதிவிட்டு வந்தேன். கேட்டவற்றையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி அவரிடம் கொடுத்தேன். அதில் மடித்து ஒருவருக்குப் பொடி கொடுத்தார். செப்டம்பரில் முடிவு வந்தது. தேறியிருந்தேன்.

அண்ணன் அன்றைக்கே கட்டுப் போடும் அறைக்கு மாறினார். மேசையிலிருந்து ஒரே ஒரு சாமானை எடுத்தார்.

"கத்திரிய நான் கொண்டு போறேன். எனக்குத்தான் இனி ரொம்ப வேணும்."

"சீட்டு எதுலண்ணே வெட்டுறது?"

"அதான் தேறிட்டியே. பல்லால வெட்டு."

அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போவதற்கு நான் பட்டியல் போடவில்லை. அழைத்தேன், வந்தாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்று மருந்து எழுதினார். அதை முறைப்படி கலக்கிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து, பழைய மருந்து போலக் கேட்கவில்லை என்றாள்.

"இதுலதாம்மா நெசமான மருந்து இருக்கு."

"இருக்கும். ஓமவாட இல்லையே."

டாக்டரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, அதையும் கூடக் கொடு, கெடுதல் இல்லை என்றார். கடையில் ஓமத் தண்ணீர் வாங்கி வந்து, பழைய பன்னிரண்டு அவுன்ஸ் சீசாவில் நிரப்பி, மேசையில் வைத்தேன். முதலில் அம்மாவின் பெயரை எழுதி ஒட்டினேன். சீட்டு வெட்டத்தான் கத்திரி இல்லை. கட்டுப் போடும் அறைக்குப் போனேன். அண்ணன் யாரோ ஒருவரின் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"வீட்டுக்குண்ணே."

"எத்தன கோடு?"

"பன்னெண்டு."

"நாளைக்கு எத்தன வேள?"

"வலிக்கும்போது."

அவர் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் எதுக்குத் தங்கச்சி கோடு?" என்று கேட்டுக்கொண்டே கத்திரியை நீட்டினார்.