தலைமாட்டுக் காவல்

எங்கள் குடோனில் வாசல் காவல் பார்க்கும் மாமாவுக்கு, என் அக்கா புருஷனுக்கு, டார்ச்சு என்று பேர். வேலை முடிந்து போகிற ஒவ்வொருத்தன் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் வாசலில் திறக்கச் சொல்லி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். மூட்டை தூக்குகிற எனக்கு மச்சான் என்கிற சலுகையெல்லாம் கிடையாது. கூடுதலாகச் சட்டைப்பையையும் தட்டிப் பார்ப்பார். மாற்று ஆள் வராமல் டீக்குக்கூட நாற்காலியை விட்டு எழுந்ததில்லை. வீட்டில் பால்காரரை நம்பமாட்டார், பாலையும் நம்பமாட்டார்.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பித்தப்பையில் கல். கத்தி வைப்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மயக்கம் கொடுப்பார்கள் என்பதுதான் உறுத்தியது. நினைவில்லாமல் கிடப்பவனை என்ன செய்தால் யாருக்குத் தெரியும் என்று அக்காவை அரித்தெடுத்தார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னதும், தெம்பைக் குறைத்துப் படுக்க வைக்கிற வேலை என்றார்.

ஆஸ்பத்திரியில் மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றி என்னிடம் கொடுத்தார். மேல்வரிசைப் பல் செட்டை மட்டும் கழற்றவில்லை. நர்சு கேட்டதற்கு, எல்லாம் சொந்தப் பல் என்று சாதித்துவிட்டார். அந்தப் பெண் நகர்ந்ததும் என்னிடம் குனிந்தார்.

"பல்லு இல்லாம நான் பேசினா எனக்கே புரியாது மாப்ள. முழிச்சதும் நாலு கேள்வி கேக்கணும்னா வாய் வேணாமா?"

அப்புறம் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா வந்தார். என்ன சாப்பிட்டார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கட்டுப்பல் உண்டா என்றார். இல்லை என்றார் மாமா. வாயைத் திறக்கச் சொன்னால், தாடை வலி என்று இம்மியளவு திறந்தார். அந்தம்மா பையிலிருந்து டார்ச்சை எடுத்து மறுபடி அதையே கேட்டார். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்டால் விஷயம் இருக்கிறது என்று வாசலில் மாமாவிடமே கற்றவன் நான். மாட்டிவிட்டால் ஆயுசுக்கும் பேசமாட்டார். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"மேல் பல்லு செட்டுங்கம்மா."

மாமா பார்த்த பார்வைக்கு நான் அங்கேயே சாம்பலாகியிருக்க வேண்டும்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. தூங்க ஒரு மருந்து, வலி தெரியாமலிருக்க ஒன்று, உடம்பு தளர ஒன்று. தளர்ந்துவிட்டால் மூச்சைக்கூட நாங்கள்தான் குழாய் வைத்துக் கொடுப்போம், செட்டு நழுவி மூச்சுக்குழாயை அடைத்தால் உயிருக்கே ஆபத்து, வயிறு காலியாக இருக்கச் சொல்வதும் உள்ளிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகாமலிருக்கத்தான் என்றார்.

மாமா யோசித்தார்.

"என்னைத் தூங்க வச்சிட்டு நீங்க எங்க போவீங்க?"

"உங்க தலைமாட்டுலதான் இருப்பேன். மூச்சு, நாடி, பிரஷர் எல்லாம் பாத்துக்கிட்டே."

"டீ குடிக்க?"

"மாத்து ஆள் வராம நகர முடியாதுங்க."

மாமா செட்டைக் கழற்றினார். ஆஸ்பத்திரி டப்பாவில் போடாமல், காட்டிக்கொடுத்த என் கைக்குட்டையில்தான் வைத்தார்.

மத்தியானம் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அரைக்கண் திறந்ததும் பல் செட்டுக்குக் கையை நீட்டினார். நன்றாகத் தெளியட்டும் என்று தடுத்துவிட்டார்கள். தெளிந்த பிறகு கொடுத்தேன். வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, அவருடையதுதான் என்று உறுதியானதும் மாட்டிக்கொண்டார்.

"அந்தம்மா நடுவுல எழுந்து போனாங்களா?"

"போகலைங்க" என்று அவர் தலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பார்க்க வந்த டாக்டரம்மா அங்கேதான் நின்றிருந்தார்.

மாமாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பிறகு என்னைக் கிட்டே வரச் சொல்லி, மெதுவாகக் கேட்டார்.

"நீ பாத்தியா?"