பக்கத்தில் நிற்பவன் பார்ப்பான்

1. பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கன் ஃபுட்போலில், தம்பியின் பள்ளி அணிக்குப் புதிய கோச் வந்தார்.
2. பந்து வைத்திருப்பவனைக் காக்கும் முன்வரிசை ஐவரும் இனி ஆளுக்கொரு எதிரியைப் பிடிக்காமல், சேர்ந்து ஒரு பக்கம் நகர்ந்து, தத்தம் இடத்துக்குள் வருபவனை மட்டும் தடுக்க வேண்டும் என்றார்.
3. ஐவரில் ஒருவனான தம்பிக்கு அது பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் இடம் போய்விடும்.

பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த முறை தெளிவாகவே புரிந்தது. எங்கள் அப்பார்ட்மென்ட் கார் பார்க்கில் அவனுக்கு ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அம்மாவும் நின்று பழக்கினோம்.

"தேர் இழுக்கிற மாதிரி ஒண்டா அசையுங்கோ!" என்று அம்மா சிரித்தார்.

"உன்ரை ஆள் விலகிப் போனா விடு. பக்கத்திலை நிக்கிறவன் பாப்பான்," என்றேன்.

"அவன் பாக்காட்டி, அக்கா?"

"பாப்பானடா."

போட்டியில் தம்பி நான் சொன்னபடியே தன் ஆளை விட்டான். பக்கத்தில் நின்றவனோ பழைய பழக்கத்தில் தனக்கு முன்னால் நின்றவனையே பிடித்துக்கொண்டிருந்தான். பந்து வைத்திருந்தவன் அடிபட்டு விழுந்தான். கோச் கண்டது, தம்பியைத் தாண்டி ஓடிய எதிரியை மட்டும்தான்.

வீடு திரும்பும் பஸ்ஸில் தம்பி என்னைக் குறை சொல்லவில்லை. ஐந்து பேர் சேர்ந்து செய்வதை நான் ஒருவனுக்கு மட்டும் பழக்கியிருந்தேன். மற்ற நால்வரையும் கார் பார்க்குக்குக் கூப்பிட்டிருக்கலாம். அம்மா தேத்தண்ணிகூடப் போட்டுக் கொடுத்திருப்பார்.

தம்பி அதன்பின் அந்த வரிசையில் நிற்கவில்லை.