பதினாறு வரிசைக் கதிர்

பயிர் ஆராய்ச்சிப் பண்ணையின் பின்பக்கம், தகரக் கூரை போட்ட அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருட வேலை. மக்காச்சோளக் கதிரை உரித்து, நீளம் அளந்து, மணி வரிசைகளை எண்ணி எழுத வேண்டும். கதிரைக் கையில் வாங்கி ஒரு உருட்டு உருட்டினாலே எத்தனை வரிசை என்று சொல்லிவிடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் 'வரிசையக்கா'. "அக்கா முன்னாடி சிரிக்காதீங்க, பல்லை எண்ணிருவாங்க" என்பார்கள்.

அந்தப் பருவத்தில் மழை பொய்த்துவிட்டது. கதிர்கள் குட்டையாகவும் மணிகள் சூம்பியும் வந்தன. நீளமும் எடையும் மழையைப் பொறுத்து மாறும், அது அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனால் வரிசை பெரும்பாலும் பிறவிக்குணம், அவ்வளவு லேசில் மாறாது. பன்னிரண்டு வரிசை வகை என்று அட்டை கட்டிய மூட்டையிலோ எடுத்த கதிரெல்லாம் பதினாறு. முப்பது உரித்தபிறகு கத்தியைக் கீழே வைத்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது.

பழைய வயல் நோட்டைத் தேடி எடுத்தாள். இரண்டு வருடம் முன்பு அந்த விதையை எடுத்த பாத்தி நாற்பத்தேழு என்று நோட்டில் இருந்தது. விதைப் பொட்டலத்தில், பன்னிரண்டு வரிசை வகை வளர்ந்த நாற்பத்தொன்று. இரண்டுமே அவள் கையெழுத்து. தேதியைப் பார்த்தாள். கணவருக்கு ஆபரேஷன் முடிந்த மறுநாள், ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்து நேராக வேலைக்கு வந்திருந்தாள்.

வறட்சி என்று எழுதி மூடிவிடலாம். யாரும் கேட்கப்போவதில்லை. நோட்டையும் பொட்டலத்தையும் பக்கத்தில் வைத்து மறுபடி பார்த்தாள். பிறகு நோட்டையும் இரண்டு கதிர்களையும் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சியாளர் அறைக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்கு அவளைவிட இருபது வயது குறைவு.

"மேடம், தப்பு என் கையிலதான் நடந்திருக்கு. இதைத் தாய்ச்செடியா வச்சுக் கலந்த ஒட்டு ரகம் எல்லாமே தப்பு."

ஆராய்ச்சியாளர் நோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ரெண்டு வருஷம்க்கா. அடுத்த வாரம் அறிக்கை கொடுக்கணும்."

"தெரியும் மேடம்."

"சொல்லாம விட்டிருக்கலாமே?"

"விட்டா, அடுத்து எண்ணுறதையும் நானே நம்ப மாட்டேன்."

ஆராய்ச்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அறுபது ஒட்டுகளை அறிக்கையிலிருந்து நீக்கினார்கள். மீதி நூற்று நாற்பது தப்பின.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவர், "அன்னிக்கு லீவு போட்டிருக்கலாம்ல?" என்றார்.

"யாரு கொடுத்தா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த பருவத்தில் அந்த அறுபதையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். கொளுத்தும் வெயிலில், கழுத்தில் மகரந்தம் அரிக்க, வேறு பூந்தூள் படாதபடி ஒவ்வொரு கதிருக்கும் காகிதப் பை கட்டினாள். பையில் பாத்தி எண்ணை எழுதி, வாய்விட்டுப் படித்து, பாத்தியில் நட்ட எண் குச்சியைப் பார்த்து மறுபடி படித்தாள். வேலை இரண்டு மடங்கு மெதுவாக நகர்ந்தது.