அன்று கள் வாடை இல்லை

மலாயா சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், மலாக்கா காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் அப்பா சைக்கிளோடு சரிந்து விழுந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன். அப்போது சிரம்பானில் லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன்; இரண்டு நாள் தங்கிப் போகலாமென்று வந்திருந்தேன்.

அப்பாவுக்கு ரோடு போடும் வேலை. சனிக்கிழமை அரைநாள் முடிந்தால் கள்ளுக்கடைக்குப் போய்விட்டுத்தான் வருவார். அதனால் எனக்கு வேறு சந்தேகமே வரவில்லை. நாக்குக் குழற ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அதையும் பார்த்தேன்.

"பட்டப்பகல்லயே இப்படியா? தூங்குங்க, தெளிஞ்சிடும்."

உள்ளே இழுத்துப் பாயில் போட்டுவிட்டு, அவர் சைக்கிளையே எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் திடலுக்குப் பந்து பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் மலாக்கா செட்டி. கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். அவர்தான் அப்பாவின் வாயருகே குனிந்து மோந்து பார்த்து, கள் வாடையே இல்லை, கார் பிடியுங்கள் என்று மலாயில் கத்தியிருக்கிறார். அம்மா என்னைக் கேட்டாள். நான் போகும்போது அப்பா நன்றாகத்தான் இருந்தார் என்றேன். அப்பாவால் பேச முடியவில்லை. என் பொய் நிலைத்துவிட்டது.

வலக்கையும் வலக்காலும் போயின. இடக்கையால் சாப்பிட மாட்டேன் என்று அவர் பிடிவாதமாக இருந்ததால், மூன்று வேளையும் அம்மா ஊட்டினாள். இடையில் நாலு வீட்டில் துணி துவைத்தாள். பேசி வைத்திருந்த தங்கை கல்யாணம் இரண்டு வருஷம் தள்ளிப்போனது. நான் தோன்றினால் வருவேன், மறுநாள் கிளம்பிவிடுவேன்.

துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் கல்யாணம். மகளைத் தன் வலக்கையால்தான் தாரை வார்த்துக் கொடுப்பேன் என்பது அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. அதற்குள் ஒன்றிரண்டு வார்த்தை பேச்சும் திரும்பியிருந்தது. மகன் அடியில் தாங்கிப் பிடித்தால் போதும் என்றார் ஐயர். அந்தக் கையை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்டேன். ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. அம்மா தண்ணீர் வார்க்க, என் பிடி சரிந்து, தண்ணீர் மாப்பிள்ளை வேட்டியில் சிந்தியது.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குடிச்சிருக்கியாடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள், அவள் சிரித்து எவ்வளவு நாளாயிற்றோ.

"இல்லப்பா."

"தூங்கு. தெளிஞ்சிடும்."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். கேலியா கோபமா என்று அந்தக் கோணல் முகத்தில் தெரியவில்லை. தண்ணீர் வார்த்து முடியும்வரை கையை விடாமல் பிடித்திருந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பந்தியில் அம்மா அவருக்கு முதல் கவளம் ஊட்டும்போது நான் சிரம்பான் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை நடந்ததை அம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.