எனக்குத் தெரியாத சிவப்பு

அந்தக் கண்ணாடி ஸ்லைடு கை தவறி விழவில்லை. நான்தான் தரையில் போட்டு, ஷூவால் மிதித்து உடைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு முன் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்கு நிறக்குருடு. சிவப்பும் பச்சையும் பழுப்பும் எனக்கு ஒரே சேறு. அதை மறைத்துத்தான் மருத்துவ ஆய்வுக்கூடப் பயிற்சிக்குள் நுழைந்தேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது… உங்களைத் தவிர.

பள்ளிக்கூடம் மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், நின்றுபோனது. லோரியில் மூட்டை ஏற்றினேன். அம்பாங்கில் கார் கழுவினேன். ஸ்ரீ கெம்பாங்கானில் நாற்காலிக்கு ஆணி அடித்தேன். எங்கேயும் நிலைக்கவில்லை. காஜாங்கில் இறைச்சியைக் குச்சியில் குத்திச் சாத்தே சுடும் கடையில் இருந்தபோதுதான் என் கண்ணைப் பற்றித் தெரிந்தது. வெந்த இறைச்சிக்கும் வேகாத இறைச்சிக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. "டேய், உள்ளே ரத்தமா இருக்கு. கண்ண வாடகைக்கு விட்டுட்டியா?" என்று கூட நின்றவன் கேட்டான். அதன் பிறகு விரலால் அழுத்திப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

பிறகு தனியாகப் படித்து எஸ்.பி.எம். பள்ளியிறுதித் தேர்வு எழுதினேன். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளைக் கோட்டு, ஏசி அறை, உட்கார்ந்து செய்கிற வேலை. வெயிலில் நின்றே வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

சேர்வதற்கு முன் கண் பரிசோதனை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகம். கைப்பேசியில் தேடி, எந்தப் பக்கத்துக்கு எந்த விடை என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். டாக்டர் வரிசை மாற்றாமல் புரட்டினார். ஒப்பித்தேன்.

அப்போது பயந்தேனா? பயந்தேன். ஆனால் பிடிபடுவேனோ என்றுதான். என்னால் இன்னொருவருக்குக் கெடுதல் வரும் என்ற பயம்… அது பிறகுதான் வந்தது. வந்தது போகவே இல்லை.

கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி. ரத்தக் குழாய்களை எல்லோரும் மூடியின் நிறத்தைப் பார்த்து எடுப்பார்கள். எனக்கு அது முடியாது. ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள பொடி எழுத்தைப் படித்துத்தான் எடுப்பேன். பயிற்சிக்கு வந்த எங்களை மேற்பார்த்த வசந்தி அக்காவுக்கு அதனாலேயே என்னைப் பிடித்துப்போனது.

"இவன் ஒருத்தன்தான் படிச்சுப் பார்த்து எடுக்கிறான். நீங்கள்லாம் மூடியப் பார்த்துட்டு ஓடுறீங்க, பாசார்ல தக்காளி பொறுக்குற மாதிரி" என்று மற்றவர்களைத் திட்டுவார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்.

அங்கேதான் ஒரு அங்கிள் வந்தார். பள்ளி வேன் ஓட்டுநர். ஓயாத இருமல். சளிப் பரிசோதனைக்கு டப்பாவைக் கொடுத்தேன்.

"இத்தனூண்டு டப்பாதானா? ஒரு வாளி கொடுங்க தம்பி, ரொப்பித் தரேன்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. மூச்சு திரும்பியதும் குரலைத் தாழ்த்தினார். "கெட்ட நியூஸ்னா ஒளிக்காம சொல்லிடுங்க. சின்னப் பிள்ளைங்கள ஏத்துற வேன் லா."

காசநோய்க் கிருமி நுண்ணோக்கியில் சிவப்புக் கோடாகத் தெரியும். பின்னணி நீலம். மற்றவர்களுக்கு அப்படி. எனக்கு அந்த ஊதா கலந்த சிவப்பு நீலத்தோடு கலந்துவிடும்; கிருமி கூட்டமாக இருந்தால் ஏதோ கீறல் மாதிரி தெரியும். ஒன்றிரண்டு மட்டும் இருந்தால்… நீலம்தான். வெறும் நீலம்.

அவருடைய ஸ்லைடில் நான் பார்த்தது நீலம்.

பயிற்சியில் இருப்பவன் பார்த்ததை அக்கா மறுபடியும் பார்க்க வேண்டும். அன்று வார்டிலிருந்து போன் ஓயாமல் அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏதாச்சும் இருக்கா?"

"இல்லைக்கா."

"நல்லா பார்த்தியா?"

"பார்த்தேன்கா."

கையெழுத்துப் போட்டார். என் கண்ணை நம்பிப் போட்டார்.

முதல் முடிவே நல்லதாக வந்ததால் அங்கிள் இரண்டாவது முறை சளி கொடுக்க வரவில்லை. வேன் ஓட்டப் போய்விட்டார்.

சில வாரங்கள் கழித்து அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. இம்முறை வசந்தி அக்காவே பார்த்தார். "இங்க வந்து பாரு, எவ்ளோ இருக்குன்னு" என்று என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். நீலத்தில் எங்கோ சில கீறல்கள். "ஆமாக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த வேனில் போன பிள்ளைகள் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்தார்கள். சீருடையோடு வரிசையில் நின்றார்கள். ஒரு சிறுமிக்கு நோய் தொற்றியிருந்தது. அவள் அம்மா கவுண்டரில் நின்று கேட்டார்: "அவருக்கு முன்னமே டெஸ்ட் எடுத்து ஒன்னும் இல்லன்னுதானே சொன்னீங்க?"

நான் உள்ளே, கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்தேன்.

மறுநாள் அக்கா சொன்னார்: "அந்தப் பழைய ஸ்லைட எடுத்து வை. டாக்டர் வந்து பார்க்கணுமாம்."

எடுத்தேன். நுண்ணோக்கியில் வைத்தேன். இப்போதாவது தெரியாதா என்று பார்த்தேன்… நீலம். டாக்டருக்கு அதில் சிவப்பு தெரிந்தால் என் கண்ணும் பிடிபடும். பிறகுதான் அதை உடைத்தேன்.

சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தார். முதலில் கேட்டது என்ன தெரியுமா? "கால்ல குத்திடுச்சா?" கை தவறிவிட்டது என்றேன்.

விசாரணையில் ஸ்லைடு இல்லை. அக்காவின் கையெழுத்து மட்டும் இருந்தது. அவரை நுண்ணோக்கியிலிருந்து எடுத்து, வெளியே ரத்தம் எடுக்கும் இடத்தில் போட்டார்கள். "உன் மேல ஒன்னும் இல்லடா. பார்க்காம சைன் வெச்சவ நான்தானே. அந்தப் பிள்ளை முகம்தான் கண்ணு முன்னாடியே நிக்குது" என்றார். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாய் திறக்கவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்த ஸ்லைடில் கிருமி இல்லாமலே இருந்திருக்கலாம். முதல் சளியில் சில சமயம் வராது. அப்படியானால் நானும் தப்பு செய்யவில்லை, அக்காவும் செய்யவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே பொருளை நான் மிதித்துப் பொடியாக்கிவிட்டேன். அக்காவுக்கும் இனித் தெரியப்போவதில்லை.

பயிற்சி முடிந்தது. இப்போது அம்பாங்கில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எனக்கு இயந்திரப் பிரிவு. ரத்தத்தை வைத்தால் அது எண்ணாகச் சொல்லிவிடும். நிறம் வேண்டாம். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

இன்று மேலாளர் கூப்பிட்டார். சளி பார்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போகிறாள். "திங்கள்லேர்ந்து நீங்க பாருங்க. கிள்ளான்ல பார்த்த அனுபவம் இருக்குதானே?"

மாட்டேன் என்றால் காரணம் கேட்பார்கள். காரணத்தைச் சொன்னால் கண்ணில் தொடங்கி ஸ்லைடு வரைக்கும் போகும். மறுபடி மூட்டை தூக்கலாம், அதற்குப் பயமில்லை. வசந்தி அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் பயம்.

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உங்களுக்கு இருமல் வந்தால் ஒரு டப்பாவைக் கொடுப்பார்கள். பெயர் எழுதி உள்ளே நீட்டுவீர்கள். உள்ளே பார்ப்பவன் யார், அவனுக்குக் கண் தெரியுமா என்று கேட்கமாட்டீர்கள். கேளுங்கள்… என்னிடமே கேளுங்கள்.

தெரியும் என்றுதான் சொல்வேன்.